சாட்சிக்கு ரெண்டு ஸ்பிரிங்

அவன்தான் சார் என் வீட்டுக்காரியை என்னிடமிருந்து பிரித்தவன். வேறு யாருமில்லை. பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அவனுக்கு ஓசியில் விளம்பரம். கோவில்பட்டியில் பைக் மெக்கானிக் பட்டறை போட்டிருக்கிறான், அவ்வளவு போதும். கை நிறைய கிரீஸ், வாய் நிறைய சிரிப்பு. அந்தச் சிரிப்பை நம்பித்தான் வண்டியை விட்டேன்.

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் சார். கோவித்துக்கொள்ளாதீர்கள், என்னால் ஒடுங்கி உட்கார முடியாது. இடுப்பில் பெல்ட் போட்டிருக்கிறேன். ஒன்றுமில்லை, லேசாகப் பிடித்திருக்கிறது, இரும்பு தூக்குகிறவனுக்கு வருகிற பிடிப்புதான். கொஞ்ச நாளைக்கு வண்டியைத் தொடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் இந்தா இருக்கிற கயத்தாறுக்கு எனக்குப் பஸ் எதற்கு?

பொன்பாண்டி என்றால் கோவில்பட்டியில் பழைய இரும்பு வியாபாரத்தில் எல்லோருக்கும் தெரியும். படிப்பெல்லாம் கிடையாது. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக நடந்தவன் நான். இன்றைக்கு ஷெட் இருக்கிறது, தராசு இருக்கிறது. எவனும் கொடுத்ததில்லை. நானும் என் வீட்டுக்காரி தங்கபுஷ்பமும் வெயிலில் வெந்து சம்பாதித்தது. தட்டிப் பார்த்தே இது பித்தளை, இது வெண்கலம் என்று சொல்லிவிடுவாள். வாங்குவது நான், பிரிப்பது அவள்.

வாங்குவதற்கு ஒரு வித்தை இருக்கிறது சார், சொல்லித் தருகிறேன், உங்களுக்கும் உதவும். விலை படியவில்லை என்றால் மேற்கொண்டு பேசக் கூடாது. திரும்பி நடக்க வேண்டும். கோபமாக அல்ல, நிதானமாக, நமக்கு வேறு சோலி இருக்கிற மாதிரி. கால் முன்னால் போகும், காது மட்டும் பின்னால் இருக்கும். தெரு முக்குத் திரும்புவதற்குள் கூப்பிடுவார்கள். "ஏங்க, நில்லுங்க" என்பார்கள். அந்தக் குரல் வந்துவிட்டால் சரக்கு நம்முடையது. இந்த ஒரு வித்தையில்தான் நான் ஷெட் போட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு பழைய மில்லில் மோட்டார் ஒன்று வாங்கி, வண்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தேன். பைக்குக்கு அது கொஞ்சம் பாரம்தான். ஆனால் லோடு ஆட்டோ பிடித்தால் அதில் என்ன மிஞ்சும்? பாலத்து மேட்டில் ஏறும்போது பின்னால் டங்கென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் வலது பக்கத்து ஸ்பிரிங் ரெண்டாக ஒடிந்து தொங்குகிறது. நேரே அவன் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான்.

"அண்ணாச்சி, வலது ஒடஞ்சிருக்கு, இடதும் தளந்துபோச்சு. ஜோடியா மாத்திருவோம்" என்றான்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. "ஏன்யா, ஒடஞ்சது ஒண்ணு, மாத்துறது ரெண்டா? ஒரு பல்லு வலிக்குன்னு போனா டாக்டரு ரெண்டு பல்லையா பிடுங்குவான்?"

"பல்லு தனித்தனி அண்ணாச்சி. இது காலு மாதிரி. ரெண்டும் ஒண்ணுபோல இருந்தாத்தானே நடக்க முடியும்?"

"நடக்கிறதுக்கு நீ எனக்குச் சொல்லித் தாறியா? நான் நடந்த நடைக்கு இன்னும் ரெண்டு கோவில்பட்டி கட்டியிருக்கலாம்."

பக்கத்துப் பஞ்சர்க் கடைக்காரன் சிரித்தான். ஆறுமுகனேரி ஆள், ஞானதாஸ் என்று பெயர். நான் விடவில்லை. திரும்பி நடந்தேன், என் நடையில். கொஞ்ச தூரம் போனதும், "அண்ணாச்சி!" என்று கூப்பிட்டான். ஆகா, வந்துவிட்டான் வழிக்கு என்று திரும்பினேன்.

"டீ சொல்லியிருக்கேன், குடிச்சிட்டுப் போங்க" என்கிறான்.

விலைக்குக் கூப்பிடவில்லை சார், டீக்குக் கூப்பிடுகிறான். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும், இவன் நியாயமான ஆள் இல்லை என்று.

எனக்கு எதற்கு இவன் கடை ஸ்பிரிங்? என் ஷெட்டில் இல்லாத சாமான் உண்டா? பழைய இரும்பு வியாபாரி காசு கொடுத்துப் புது இரும்பு வாங்கினால் அவனைவிடக் கேவலமானவன் உலகத்தில் இல்லை. போய்க் குவியலைக் கிளறினேன். கிடைத்தது பாருங்கள் ஒன்று! எட்டையபுரத்துப் பக்கம் ஒரு மளிகைக்கடைக்காரர் அந்தக் காலத்துப் பெரிய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார், ஓடினால் நாலு தெருவுக்குக் கேட்கும். அதைப் பிரித்துப் போட்டபோது எடுத்து வைத்த ஸ்பிரிங். கம்பி என் சுண்டுவிரல் தடிமன். எண்ணெய் போட்டுத் துடைத்தேன், மினுமினு என்று வந்தது. கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன்.

"மாட்டு."

கையில் எடுத்துப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. "அண்ணாச்சி, இது பெரிய வண்டிக்குள்ளது. நம்ம வண்டிக்கு ரொம்ப முறுக்கு. ஒரு பக்கம் அமுங்கும், ஒரு பக்கம் அமுங்காது. குழி மேடு வந்தா பின்னால இருக்க ஆளைத் தூக்கிப் போட்டுரும்."

"என் பின்னால யாரு இருக்கா? பழைய இரும்புதான இருக்கு."

"அக்கா வருவாங்கல்லா?"

"அவளும் பழைய இரும்புதான். உனக்கென்ன, மாட்டு."

பட்டறையே சிரித்தது சார். டீ கொண்டுவந்தவன்கூடச் சிரித்தான். சும்மா ஒரு வேடிக்கைக்குச் சொன்னது. இதைப் போய்ப் பின்னால் பெரிய குற்றமாக்கிவிட்டார்கள், அதை அப்புறம் சொல்கிறேன்.

"உங்க பொறுப்பு அண்ணாச்சி" என்றான். "என் பொறுப்பு, மாட்டு" என்றேன். வியாபாரத்தில் ஆயிரம் பேசுவோம் சார். வாயில் வருவதெல்லாம் சத்தியமா?

மாட்டுகிறபோது நடந்த கூத்தைக் கேளுங்கள். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் மேலே லாக் போட வேண்டும். அவன் அமுக்கினான், அசையவில்லை. ஞானதாஸ் வந்து ஏறி நின்றான், அசையவில்லை. "பாத்தியா சரக்கை!" என்று நான் பெருமையாகச் சொன்னேன். கடைசியில் நானும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி மிதித்தேன். மூன்று ஆம்பளைகள் சேர்ந்து மிதித்துத்தான் அந்த லாக் விழுந்தது.

இப்போது நீங்களே சொல்லுங்கள் சார், உங்களைப் பார்த்தால் படித்த மனிதர் மாதிரி இருக்கிறது. மூன்று ஆம்பளைகள் மிதித்து அமுங்காத ஸ்பிரிங், ஒல்லியான ஒரு பொம்பளை உட்கார்ந்தால் அமுங்குமா? இது அவனுக்குத் தெரிய வேண்டாமா? மெக்கானிக் யார், நானா அவனா? நான் ஆயிரம் கொடுப்பேன், கொடுத்ததையெல்லாம் மாட்டிவிடுவதா? என் கையைப் பிடித்து, "முடியாது அண்ணாச்சி, போங்க"ன்னு துரத்தியிருக்க வேண்டாமா? அதுதானே மனுஷன் செய்கிற வேலை?

லோடுக்கு நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். எவ்வளவு ஏற்றினாலும் அந்தப் பக்கம் குனியவில்லை. இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்தாற்போல் போகும், அதற்கென்ன, நாமும் கொஞ்சம் சாய்ந்துகொண்டால் சரியாகிவிடும்.

தங்கபுஷ்பம்தான் ஆரம்பித்தாள். "என்னங்க, உச்சி மண்டை வரைக்கும் இடிக்குது."

"பழகிப்போவும்."

"இடுப்பு விட்டுப்போச்சுங்க."

"சாக்கைத் தூக்கும்போது விடாத இடுப்பு வண்டியில உக்காந்தா விட்டுப்போவுமோ?"

ஒருநாள் தலையணையைக் கொண்டுவந்து சீட்டில் போட்டு உட்காருகிறாள். எனக்கு மானம் போயிற்று. தலையணை போட்டுப் பொண்டாட்டியை ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டில் போனால் ஊர் என்ன நினைக்கும்? எடுத்து உள்ளே போடு என்றேன். போட்டுவிட்டாள். எதிர்த்துப் பேச மாட்டாள் சார் அப்போதெல்லாம்.

கயத்தாறில் அவள் தம்பி தவசி இருக்கிறான். அவன் மகளுக்குச் சடங்கு வைத்திருந்தான். அத்தை சீர் கொண்டுபோக வேண்டும் அல்லவா? பித்தளைக் குத்துவிளக்கு, ஆள் முட்டு உயரம், நானே பேசி வாங்கினேன். கடைக்காரன் அழாத குறை. அதை ஒரு டவலில் சுற்றி மடியில் வைத்து ரெண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். நான் ஓட்டிக்கொண்டே, அந்தக் கடைக்காரனை எப்படி மடக்கினேன் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். நாலுவழிச் சாலையை விட்டு ஊருக்குள் திரும்புகிற இடத்தில் புதுசாக ஒரு வேகத்தடை போட்டிருக்கிறான், வெள்ளைக் கோடு கிடையாது, போர்டு கிடையாது. ஏறி இறங்கியது. எனக்கே பல்லோடு பல் அடித்தது. "என்ன ரோடு போடுறானுவ பாரு" என்று சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்ந்தேன்.

தவசி வீட்டுப் பந்தல் முன்னால் போய் நிறுத்தினேன். ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருக்கிறது. தவசி சந்தனத் தட்டோடு சிரித்துக்கொண்டே வந்தான். வந்தவன் அப்படியே நின்றான்.

"அத்தான், அக்கா எங்க?"

திரும்பிப் பார்க்கிறேன். சீட் காலி.

வேகத்தடையில் விழுந்திருக்கிறாள். அங்கிருந்து பந்தல் வரை நான் யாரிடம் பேசிக்கொண்டு வந்தேன் என்று எனக்கே தெரியாது. சொந்தக்காரர்கள் கூட்டம் பூராவும் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு கிழவி "பொண்டாட்டியை எங்கய்யா போட்டுட்டு வந்த?" என்று கேட்டாள், சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு யாரால் வந்தது? அவனால் வந்தது!

அவள் விழுந்தது தெரியவில்லையா என்றால், எப்படித் தெரியும் சார்? வண்டி என்றால் ஆள் ஏறும்போது பின்னால் இறங்கும், ஆள் போனால் எழும்பும். அப்படித்தான் நமக்குத் தெரியும். இவன் மாட்டிய ஸ்பிரிங்கில் அவள் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். உட்கார முடியவில்லை, ஒருக்களித்துப் படுத்திருந்தாள். குத்துவிளக்கை மட்டும் விடவில்லை, கட்டிப் பிடித்தபடியே இருந்தாள். விளக்கில் ஒரு நெளிசல் இல்லை, அதையும் சொல்ல வேண்டும், நல்ல சரக்கு. அவளுக்குத்தான் முதுகுத்தண்டின் அடியில் எலும்பு விரிசல் விட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் நான் பக்கத்தில் போய் நின்றதும் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"நான் ஏறுனதும் உங்களுக்குத் தெரியல, விழுந்ததும் தெரியல."

"அந்த மெக்கானிக் பய..." என்று ஆரம்பித்தேன். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தம்பி வீட்டில்தான் வைத்துப் பார்த்தார்கள். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் கூப்பிடப் போனேன். அதே வண்டியில்தான் போனேன், வேறு எதில் போவது? வாசலில் வந்து நின்றாள். உடம்பு தேறியிருந்தது. சண்டை போடவில்லை, அழவில்லை. சரக்குக்கு விலை சொல்கிற மாதிரி சொன்னாள்.

"ரெண்டு பக்கமும் புது ஸ்பிரிங் மாட்டுங்க. நம்ம குவியல்ல எடுத்தது வேண்டாம், கடையில வாங்குனது. மாட்டிட்டு வந்து கூப்பிடுங்க, இப்படியே ஏறி உக்காந்து வாரேன்."

"தப்புப் பண்ணவன் அவன், காசு போடுறது நானா?"

"பழைய இரும்புன்னு சொன்னீகளாமே" என்றாள்.

ஞானதாஸ் வாய் சும்மா இருக்குமா? வந்து சொல்லியிருக்கிறான். பழைய இரும்பு என்று நான் சொன்னால் அது ஏச்சா சார்? பழைய இரும்புதான் எனக்குச் சோறு போடுகிறது. பழைய இரும்பைத்தான் நான் காலையில் கும்பிடுகிறேன். என் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு எவளுக்காவது வருமா? இதை அவளுக்கு விளக்கவா முடியும்?

அதனால் பேச்சை நிறுத்தினேன். திரும்பி நடந்தேன்.

அதே நடை. நிதானமாக. வண்டியை எடுக்கவில்லை. எடுத்தால் நிஜமாகவே போகிறேன் என்று நினைத்துவிடுவாள் இல்லையா? தெரு முக்கு வரைக்கும் போனேன். காதைப் பின்னால் வைத்துக்கொண்டுதான் போனேன். குரல் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். ஒரு டீ குடித்தேன். வரவில்லை. அப்புறம் வண்டியை எடுக்கத் திரும்பி வர வேண்டியதாகிவிட்டது. வண்டி வெளியில் நிற்கிறது, கதவு சாத்தியிருக்கிறது. உதைத்து ஸ்டார்ட் செய்தேன், வேண்டுமென்றே நாலு தடவை முறுக்கினேன். கதவு திறக்கவில்லை.

என்னிடம் தொழில் கற்றவள் சார் அவள். யார் திரும்பி நடந்தாலும் கூப்பிடக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

இதற்குப் பிறகுதான் அவன் வந்தான். ஆமாம், அந்த மெக்கானிக், என் ஷெட்டுக்கே வந்தான். கையில் ஒரு பை. புத்தம் புது ஸ்பிரிங், ஜோடி, கம்பெனி உறைகூடப் பிரிக்கவில்லை.

"மனசு கேக்கல அண்ணாச்சி. காசு ஒண்ணும் வேண்டாம். வண்டியை வெளிய எடுங்க, இங்கயே மாட்டித் தாரேன். போய் அக்காவைக் கூட்டிட்டு வாங்க."

பாருங்கள் சார், மாட்டிக்கொண்டான்! தப்பு இல்லாதவன் எதற்குச் சும்மா கொடுப்பான்? எந்த வியாபாரியாவது ஓசியில் கொடுப்பானா? நான் பிடித்துக்கொண்டேன்.

"அப்போ தப்பு உம்மேலதான்னு ஒத்துக்கிடுத?"

"தப்பு கிடக்கட்டும் அண்ணாச்சி, வண்டியை எடுங்க."

"கிடக்கட்டும்னா என்ன அர்த்தம்? தப்பு என்னுதுன்னு சொல்லு. சொல்லிட்டு மாட்டு."

"மாட்ட வேண்டாம்னுதான் அன்னைக்கே சொன்னேன்."

"பின்ன இதை எதுக்குத் தூக்கிட்டு வந்த?"

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ நான் வியாதிக்காரன் மாதிரி. சரி, இவனுக்கும் நம் வித்தைதான் என்று திரும்பி ஷெட்டுக்குள் நடந்தேன். "சரி அண்ணாச்சி, என் தப்புதான்"னு ஒரு வார்த்தை வரும் என்று காது கொடுத்துக்கொண்டு உள்ளே தகரத்தை அடுக்கினேன். அடுக்கினதையே பிரித்து மறுபடியும் அடுக்கினேன். வெளியே வந்து பார்த்தால் தராசுக் கொக்கியில் பை தொங்குகிறது. ஆள் இல்லை.

இதோ, காலுக்கடியில் இருக்கிறது, அதே பைதான். தூக்கிப் பாருங்கள். வேண்டாம், உறையைக் கிழித்துவிடாதீர்கள்!

என்ன கேட்டீர்கள்? நானே மாட்டியிருக்கலாமா?

உங்களைப் போய்ப் படித்தவர் என்று நினைத்தேன். மாட்டிவிட்டால் சாட்சி எங்கே சார்? வண்டியோடு வண்டியாகப் போய்விடாதா? நாளைக்கு அவன், நான் எங்கே கொடுத்தேன், அண்ணாச்சி தானே வாங்கி மாட்டினார் என்று சொன்னால் என்ன செய்வேன்? அவள், பார்த்தீர்களா, தப்பு உங்கள் மேல் என்றுதானே காசு போட்டு வாங்கினீர்கள் என்பாள். இது இப்படியே, உறையோடு, அவள் கண்ணுக்குப் போக வேண்டும். "பாரு, அவனே கொண்டாந்து கொடுத்தான், இப்போ யார் தப்பு?" என்று நான் கேட்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போகிறேன்.

இன்றைக்கே போயாக வேண்டும் சார். காலையில் தவசி போன் பண்ணினான். "அத்தான், அக்கா இங்க ஷெட்டு பிடிச்சிட்டா. நாளைக்குத் தராசு கட்டுதா. ஒரு வார்த்தை சொல்லிருவோம்னு..." என்று இழுக்கிறான். பழைய இரும்புக் கடை சார்! என் தொழிலை, என்னிடம் கற்ற தொழிலை, கயத்தாறில் அவள் தனியாகப் போடப் போகிறாள். போர்டில் அவள் பெயர் மட்டும்தானாம். தராசு கட்டிவிட்டால் அவ்வளவுதான். தொழில்காரி தராசை விட்டு எழுந்து வர மாட்டாள். என் ஷெட்டில் இப்போது பித்தளையும் வெண்கலமும் ஒரே குவியலாகக் கிடக்கிறது, பிரிக்க ஆள் இல்லை. சாப்பாடு ஹோட்டலில். ஹோட்டல்காரனிடம் பேரம் பேசிப் பேசி அவனும் இப்போது என்னைப் பார்த்தால் உள்ளே போய்விடுகிறான்.

கயத்தாறு வருகிறது போலிருக்கிறது. அந்த வேகத்தடைதான் சார் இது, டிரைவர் எப்படி மெதுவாக ஏற்றுகிறான் பாருங்கள். பஸ்ஸில் எவனும் விழவில்லை, பார்த்தீர்களா?

நீங்கள் திருநெல்வேலி போய்விட்டுச் சாயங்காலம் கோவில்பட்டி வழியாகத்தானே திரும்புவீர்கள்? எனக்கு ஒரு உபகாரம் செய்யுங்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பஞ்சர்க் கடை ஞானதாஸ் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள், பக்கத்துப் பட்டறைதான் அவனுடையது. நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஷெட் சாவி ஞானதாஸிடம் இருக்கிறது, வண்டி உள்ளே நிற்கிறது. அந்த நொண்டி ஸ்பிரிங்கோடேயே வண்டியை எடுத்துக்கொண்டு, ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு அவன் இங்கே வர வேண்டும். பொழுது விடிவதற்குள் வர வேண்டும், தராசு கட்டுவதற்கு முன்னால். வந்து தவசி வீட்டு வாசலில், எல்லோர் கண்ணெதிரேயும், ரெண்டு பக்கமும் கழற்றி இந்தப் புதுசை மாட்டட்டும். தப்பு என்னுது என்று சொல்லட்டும். சொல்லாவிட்டாலும் போகட்டும், அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதலில் மாட்டட்டும்.

மாட்டிவிட்டு, "அக்கா, ஏறி உக்காருங்க"ன்னு அவளிடம் அவன் வாயால் சொல்லட்டும். நான் சொன்னால் அவள் ஏற மாட்டாள் சார். அவன்தான் சொல்ல வேண்டும்.